ஞாயிறு ஓட்டம், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைச் சாலை: முன்னேற்றம், காயம், காலணி எல்லாம் இங்கே

அணைக்கரை (கிருஷ்ணகிரி)

கோடை முடியும் வரை ஞாயிறு ஓட்டத்தைக் காலை 5.15 மணிக்கே தொடங்குகிறோம். வழக்கம்போல அணைப் பூங்கா வாசலில் கூடலாம். 5 கி.மீ. தூரம், தெம்பு இருப்பவர்கள் இன்னொரு முறை போய்வரலாம். அவரவர் ஓட்டம் எப்படிப் போகிறது, உடம்பில் என்ன தொல்லை, என்ன ஷூ போடுகிறீர்கள் என்று இந்த இழையில் எழுதுங்கள்.

ஒரு விஷயத்தை நானே முதலில் வைத்துவிடுகிறேன். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை நேரப் பட்டியல் போடப்பட்டது. புதிதாகச் சேர்ந்திருந்த பெண்களில் பாதிப் பேரை இந்த வாரம் காணோம். ஐம்பதைக் கடந்த இரண்டு பேரும் வரவில்லை. கேட்டால் வீட்டில் வேலை என்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டியல்தான் காரணமாகத் தெரிகிறது. அதை நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து.

2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹெவிட் என்பவர் 13 ஓட்டக்காரர்களை வைத்து ஒரு 5 கி.மீ. ஓட்டத்தைத் தொடங்கினார். இன்று பார்க்ரன் என்ற பெயரில் பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. கட்டணம் கிடையாது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு ஏற்பாடு: எல்லோருக்கும் பின்னால் நடந்துவர ஒரு தொண்டரை நியமித்துவிடுகிறார்கள். அதனால் ஓட வந்த யாரும் கடைசி ஆளாக வந்து சேர்வதே இல்லை. நமக்கு வேண்டியது அப்படி ஒரு ஆள்தான்.

1500 மீட்டர் (பர்கூர்)

அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். எனக்கு நேரம்தான் வேலை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரு நொடி தாண்டினாலும் எழுத்துத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணுக்குப் பயனில்லை. எங்கள் ஊரில் என்னைப் போல விடியற்காலையில் ஓடும் பையன்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். பட்டியலில் என் பெயருக்கு மேலே யார் இருக்கிறார் என்று பார்த்துத்தான் அடுத்த வாரம் அவரைத் துரத்துகிறேன். அதை எடுத்துவிட்டால் எனக்கு ஞாயிறு ஓட்டத்தால் என்ன பயன்?

பார்க்ரன் பற்றிச் சொன்னீர்கள். அங்கேயும் ஓடியவர்களின் நேரத்தை இணையத்தில் வெளியிடுகிறார்களே?

முன்னேற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 1500 மீட்டரில் 6 நிமிடம் 48 நொடிக்கு வந்திருக்கிறேன். தேர்வுக்குத் தயாராகும் தம்பிகளுக்கு ஒரு கணக்கு: 400 மீட்டர் சுற்றை 1 நிமிடம் 52 நொடியில் ஓடினால் சரியாக 7 நிமிடம் ஆகும், கையிருப்பு எதுவும் இராது. 1.48-ல் ஓடினால் 6.45. விசில் ஊதியவுடன் பெரும்பாலோர் முதல் சுற்றை 1.30-ல் பறந்துவிடுகிறார்கள். மூன்றாவது சுற்றில் அவர்களுடைய தோள் காதுவரை ஏறிவிடும், கை முன்னும் பின்னும் போகாமல் மார்புக்குக் குறுக்கே ஆடும். அந்த நேரத்தில் நிதானமாக ஓடிவருபவன் வரிசையாகத் தாண்டிவிடுவான். முதல் சுற்றில் பின்தங்கியிருக்கிறோமே என்று பயப்படாதீர்கள்.

கேழ்வரகு (காவேரிப்பட்டணம்)

தம்பி, உன் கவலை நியாயமானது. ஆனால் அந்தப் பட்டியல் எங்கள் வீட்டுக் கூடம் வரை வந்தது உனக்குத் தெரியாது. யாரோ படமாக எடுத்து உறவினர் குழுவில் போட்டுவிட்டார்கள். "இத்தனை பேருக்குப் பின்னால் ஓடுவதற்கா விடியற்காலையில் சமையலை விட்டுவிட்டுப் போகிறாய்?" என்று என் நாத்தனார் கேட்டார். நான் ஆசிரியை, பதில் சொல்லத் தெரியும், சொன்னேன். மாமியாரிடம் அனுமதி வாங்கி, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் முறை சாலையில் ஓட வருகிற ஒரு பெண்ணால் அதே பதிலைச் சொல்ல முடியுமா? அவள் பேசாமல் நின்றுவிடுவாள். நின்றும்விட்டாள்.

இனி என் உடம்புக் கதை. பெண்கள் அவசியம் படியுங்கள். மாதக்கணக்காக ஓடியும் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் நெஞ்சு படபடத்தது, மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்கியது. பயிற்சி போதவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்தேன். ஹீமோகுளோபின் 9.4. கர்ப்பிணியாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ குடிக்கக் கூடாது என்றார். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். காலை மாத்திரைக்குப் பிறகு எலுமிச்சைச் சாறு, டீ பதினோரு மணிக்கு மேல்தான் என்று மாற்றிக்கொண்டேன். இப்போது 5 கி.மீ. நிற்காமல் ஓடுகிறேன். என் வேகத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, மூச்சு சீராக இருக்கிறது.

கேழ்வரகு சாப்பிடுகிறோமே, எல்லாச் சத்தும் கிடைத்துவிடும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. கேழ்வரகில் கால்சியம் ஏராளம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். எலும்புக்கு அது பெரிய துணை. இரத்தசோகைக்கு அது மட்டும் போதாது. பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தசைநார் (தருமபுரி)

நான் பிசியோதெரபிஸ்ட். அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஓட்டம் முன்னேறவில்லை என்று என்னிடம் வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது இரத்தப் பரிசோதனை முடிவைத்தான்.

குதிகால் வலி பற்றிப் பலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலின் உட்பக்கம் ஊசி குத்துவதுபோல வலித்து, பத்து அடி நடந்ததும் குறைந்தால், பெரும்பாலும் அது பாதத்தின் அடியில் இருக்கும் தசைநார்ப் பட்டையில் வந்த தொல்லை. ஊசி போட ஓடாதீர்கள். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள். ஒரு துண்டைச் சுருட்டிக் கால்விரல்களுக்கு அடியில் கொடுங்கள். விரல்கள் மேல்நோக்கி வளைந்து நிற்க வேண்டும். மூன்று நொடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் இறக்குங்கள். ஒற்றைக் காலில் பன்னிரண்டு முறை முடிந்தால் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். பலன் தெரிய வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். அதற்குள் சலித்துப்போய் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நெடுக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்துப் பாருங்கள். ஆனால் ஒரே ஒரு புள்ளியில் விரல் வைத்தால் துடிக்கிறது, ஒற்றைக் காலில் குதித்தால் வலி பாய்கிறது என்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும்.

பட்டியல் விஷயத்தில் நான் அண்ணன் பக்கம். காரணம் என் மேசையில் வந்து உட்காருகிறது. பட்டியல் போட்ட வாரத்துக்குப் பிறகு கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் தங்களுக்குரிய வேகத்தைவிட வேகமாக ஓடியவர்கள். வாரத்தின் பெரும்பாலான ஓட்டம், பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டு வரக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது வேகம் அதிகம். கடிகாரம் வாங்க வசதி இல்லாதவருக்கும் இந்தச் சோதனை இலவசம்.

ஓய்வுபெற்ற தபால்காரர் (பென்னாகரம்)

இளையவர்களே, மூட்டு வலி என்றதும் ஓட்டத்தையும் ஷூவையும் மட்டும் குறை சொல்லாதீர்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் குடிக்கிற தண்ணீரையும் பார்க்க வேண்டும்.

சைக்கிளில் ஊர் ஊராகத் தபால் கொண்டுபோன காலத்தில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சில ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புப் பட்டை தெரியும். அதே ஊரில் நாற்பது வயதுக்காரர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவார். நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளூரைடு செய்த வேலை அது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் படிந்து இறுகிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்பது சேர்ந்திருக்கிறது. 2013-ல் அது பயன்பாட்டுக்கு வந்தபோது நாங்கள் பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

இன்றும் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் ருசி என்று அதையே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடுகிறவன் மற்றவனைவிட அதிகம் குடிப்பான், கோடையில் சொல்லவே வேண்டாம். கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். காலையில் எழும்போது வரும் மூட்டு இறுக்கம் ஆறாமல் இருந்தால் மருத்துவரிடம் ஊரின் பெயரையும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் இப்போது ஓடுவதில்லை, நடக்கிறேன், இடையிடையே இறக்கத்தில் மட்டும் மெல்ல ஓடுவேன். பட்டியலில் என் பெயர் எங்கே வந்தாலும் எனக்குக் கவலையில்லை. வராதவர்களைப் பற்றித்தான் கவலை.

அணைக்கரை (கிருஷ்ணகிரி)

ஐயா, இதைத் தனி அறிவிப்பாகவே குழுவில் போடுகிறேன்.

1500 மீட்டர் தம்பிக்கு: பார்க்ரனில் நேரம் வெளியிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் 2024 பிப்ரவரியில் அதிவேகச் சாதனைப் பட்டியல்களைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். புதியவர்கள் மிரளக் கூடாது என்பதுதான் சொன்ன காரணம். அதற்குப் பலத்த எதிர்ப்பும் வந்தது, நீ கேட்டதைப் போலவே கேட்டார்கள். அவரவர் நேரம் அவரவருக்குக் கிடைக்கிறது. அது போதும் என்கிறேன் நான்.

இரவுப்பணி (ஓசூர்)

மாதத்தில் இரண்டு வாரம் இரவுப் பணி. சனி இரவு வேலை முடித்து அப்படியே அணைக்கு வந்துவிடுவேன். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி அதைவிட நன்றாகத் தாழ்வு. ஓசூரில் சுலபமாக வருகிற வேகம் அணைச் சாலையில் மே மாதத்தில் வராது. வெயில் ஏறுவதற்குள் முடித்தாலும் தரையிலிருந்து கிளம்பும் சூடு காலைப் பிடித்து இழுக்கிறது. ஓசூர் நண்பர்கள் இங்கே வந்து மெதுவாக ஓடினால் மனம் தளர வேண்டாம்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. அக்டோபர், நவம்பர் வாக்கில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கும். கேழ்வரகு கதிர் முற்றும் காலம். தேன்கனிக்கோட்டை, சூளகிரி, இராயக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டிய சாலைகளில் அந்த மாதங்களில் விடியும் முன் ஓடவே கூடாது. வனத்துறையினர் எந்த ஊரில் யானை நிற்கிறது என்று அறிவிப்பார்கள், அதைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுவதை நான் அந்தச் சாலையில் அடியோடு விட்டுவிட்டேன். தகரம் தட்டித் தோட்டத்துக் காவல்காரர் எழுப்பும் சத்தம்தான் அங்கே முதல் எச்சரிக்கை.

வத்தல்மலை (தருமபுரி)

காலணி பற்றிப் பேச்சே எடுக்கவில்லையே. கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கலாமா என்று இரண்டு தம்பிகள் கேட்டார்கள். வேண்டாம். அந்த ஷூக்கள் சாலைப் பந்தயத்தில் வேகமாக ஓடுகிறவர்களுக்கானவை. அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பே வரம்பு கட்ட வேண்டியிருந்தது. விலையோ ஒரு மாதச் சம்பளத்தைத் தொடும். வாரம் மூன்று நாள் ஓடுகிறவனுக்குச் சாதாரண ஓட்ட ஷூ தாராளம். மாலையில் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போது அந்த அளவுதான் இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம் பாதம் முன்பக்கம் அகன்றது. நீளம் சரியாக இருந்து அகலம் இறுக்கினால் அந்த ஷூவை விட்டுவிடுங்கள். 500-லிருந்து 800 கி.மீ. வரை உழைக்கும். மேல்துணி புதிதாகவே தெரிந்தாலும் உள்ளே இருக்கும் நுரை அமுங்கிச் செத்திருக்கும்.

வெறுங்காலில் ஓடலாமா என்று கேட்பவர்கள் எப்போதும் அபெபே பிகிலாவைச் சொல்வார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அவர் வெறுங்காலில் ஓடி வென்றது உண்மை. 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடியும் அவர்தான் வென்றார், அதை யாரும் சொல்வதில்லை. வெறுங்கால் பழக வேண்டுமானால் மைதானப் புல்லில் சிறிது தூரத்திலிருந்து தொடங்குங்கள். கருவேல முள் கிடக்கிற வாய்க்கால் கரையில் வேண்டாம்.

எங்கள் மலைச் சாலையில் பழகுபவர்களுக்கு: ஏற்றம் மூச்சைச் சோதிக்கும், காயம் இறக்கத்தில்தான் வரும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது காலை நீட்டி எறியாமல் சிறு சிறு அடியாக வையுங்கள். மறுநாள் தொடையின் முன்பக்கம் உங்களுக்கு நன்றி சொல்லும்.

கேழ்வரகு (காவேரிப்பட்டணம்)

மாம்பூப் பருவத்தைப் பற்றியும் யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். டிசம்பர், ஜனவரியில் தத்துப்பூச்சிக்குத் தோப்புகளில் மருந்தடிப்பார்கள், பெரும்பாலும் காலை வேளையில். டிராக்டரின் பின்னால் விசைத்தெளிப்பான் ஓடும் சத்தம் கேட்டாலே திரும்பிவிடுங்கள். அந்தக் காற்றை ஆழமாக இழுத்து ஓடுவது நல்லதல்ல. அறுவடைக் காலத்தில் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் வண்டிகள் சாலையை நிறைத்துவிடும், அப்போது எதிர்த்திசையில் வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும், வெளிர் நிறச் சட்டை வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் பழச்சாறு போல அட்டைப் பெட்டியில் விற்பதை வாங்கி வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம். கூட்டினால் 20.5 கிராம். ஒரு லிட்டருக்கான மருந்துக் கடைப் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கரைத்துக் குடிப்பது தவறு. 5 கி.மீ. ஓட்டத்துக்கு இது எதுவும் தேவையில்லை. முடிந்ததும் நீர்மோரோ கம்பங்கூழோ போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் ஓடுகிறவர்களுக்குத்தான் உப்பு வேண்டும். தாகம் இல்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும்.

1500 மீட்டர் (பர்கூர்)

அக்கா, அந்தப் பட்டியல் உங்கள் வீட்டுக்கு வந்ததைப் படித்தபின் நேற்று முழுக்க யோசித்தேன். என் அம்மா சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். சாமனப்பள்ளியில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் ஊழியர், தினமும் நடக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். ஞாயிறு ஓட்டத்துக்கு வாங்கம்மா, நடந்தாலும் போதும் என்று கூப்பிட்டேன். "எல்லோரும் பார்ப்பார்களே" என்றார். அம்மாவின் பெயர் பட்டியலின் அடியில் வருவதை நானும் விரும்பமாட்டேன்.

ஆனாலும் எங்களைப் போன்றவர்களுக்கு நேரம் எடுக்க ஒரு இடம் வேண்டும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தசைநார் (தருமபுரி)

தம்பி, மைதானம் எதற்கு இருக்கிறது? புதன் மாலை மாவட்ட விளையாட்டு மைதானத்தில் 400 மீட்டர் சுற்றில் நேரம் எடுக்கலாம். அணைச் சாலை மேடு பள்ளத்தில் எடுக்கும் நேரத்தைவிட உன் தேர்வுக்கு அதுதான் உதவும். புதன்கிழமை எனக்குக் கிருஷ்ணகிரியில் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு ஸ்டாப்வாட்சோடு நானே வருகிறேன். பட்டியலை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர் (பென்னாகரம்)

பின்னால் நடந்து வரும் ஆள் வேலையை எனக்குக் கொடுங்கள். வாழ்நாள் முழுக்க யாரையும் விட்டுவிடாமல் கடைசி வீடு வரை போனவன் நான்.

அணைக்கரை (கிருஷ்ணகிரி)

ஐயா, இந்த ஞாயிறு நீங்கள்தான். பென்னாகரத்திலிருந்து அத்தனை காலையில் பஸ் கிடைக்காது. சனி இரவே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், களியும் கீரைக் கடைசலும் இருக்கும். அடுத்தடுத்த வாரங்களுக்கு ஆள் வேண்டும், பெயர் கொடுங்கள்.

பட்டியல் இனிக் குழுவில் வராது. நேரம் வேண்டும் என்பவர்கள் முடித்ததும் என்னிடம் கேட்டால் சொல்வேன். புதன் மாலை 5.30, மைதானம், 1500 மீட்டர் குழு. தம்பி, நீ பர்கூர்ப் பையன்களைக் கூட்டிவா.

வராமல் நின்றுவிட்ட பெண்களை யார் கூப்பிடுவது?

கேழ்வரகு (காவேரிப்பட்டணம்)

நான் கூப்பிடுகிறேன். போனில் கேட்டால் வேலை இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அதனால் நேரில் போகிறேன். 1500 மீட்டர் தம்பி, உன் அம்மாவின் எண்ணை எனக்குத் தனியாக அனுப்பு. அவருக்குக் குதிகால் மூடிய பழைய கேன்வாஸ் ஷூ இருந்தாலும் போதும், சர்க்கரை நோய் இருப்பதால் செருப்போடு மட்டும் வரவேண்டாம். நடந்து முடித்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று நீயே பார்.